ஆத்தா வந்த வீட்டில் ஒரு மாத்திரை டப்பா

1

பள்ளி வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றுகொண்டிருந்தோம். பக்கத்தில் நின்ற ஒரு தாய், தன் மகனுக்குச் சின்னம்மை வந்து போய்விட்டது என்று இன்னொரு தாயிடம் சொன்னாள். குரலில் கவலை இல்லை. வீட்டு வேலைகளில் ஒன்று முடிந்த நிம்மதிதான் இருந்தது. அடடா, என் மகளையும் ஒரு நாள் உங்கள் வீட்டுக்கு விளையாட அனுப்பியிருப்பேனே, அதோடு ஒட்டித் தொலைந்திருக்குமே என்று மற்றவள் குறைப்பட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். என் குடைக்கம்பியிலிருந்து சொட்டிய நீர் சட்டைக் கழுத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நான் நகரவில்லை.

இங்கே, இங்கிலாந்தின் நடுவயிற்றில் உள்ள இந்தச் சின்ன ஊரில், அது பால்பல் விழுவது மாதிரி ஒரு சங்கதி. ரோஜா நிறத்தில் ஒரு களிம்பு, ஒரு வாரம் பள்ளிக்கு மட்டம், நாள் முழுக்கத் தொலைக்காட்சி. முடிந்தது. அதே நோய் கடல் தாண்டி ஒரகடத்துப் பக்கம் ஒரு ஓட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது எனக்கு என்ன ஆயிற்று என்று இந்தத் தாய்மார்களிடம் சொல்ல எனக்கு மொழி போதாது. அதனால் உங்களிடம் சொல்கிறேன். ஆத்தா என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் கை தானாகக் கன்னத்துக்குப் போகும். பாதிக் கதை அங்கேயே புரிந்துவிடும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு ஒரு சிறுநீரகம்தான். இன்னொன்று என் தங்கை வசந்தாவின் அடிவயிற்றில் இருக்கிறது. ஐந்து வருடம் முன்பு அவளுடைய இரண்டும் கெட்டுப்போய், மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் வாரம் தவறாமல் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்த நாளில், நான் இங்கிருந்து விடுப்பு எடுத்துப் போனேன். போய்ப் பக்கத்துக் கட்டிலில் படுத்தேன். திரும்பி வரும்போது உடம்பில் கொஞ்சம் குறைந்திருந்தது. இங்கே பஸ் பணிமனையில் உதிரி பாகக் கிடங்கு என் வேலை. எந்தப் பாகம் எந்த அலமாரியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என் பாகம் எங்கே என்று கேட்டால், ஏரிக்கரையை ஒட்டிய தெருவில், முருங்கை மரம் நிற்கும் வீட்டில் என்று சொல்லவேண்டும்.

ஊருக்குப் போனால் கேட்பார்கள்: "முழுசா அங்கேயே செட்டில் ஆயிட்டியா?" முழுசாக இல்லை என்பேன். வேடிக்கை பேசுகிறேன் என்று நினைப்பார்கள்.

2

இந்த வருடம், ஆடி பிறந்து கொஞ்ச நாளில், மீராவை அழைத்துக்கொண்டு போனேன். மீரா என் மகள். எட்டு வயது. மனைவி சுசீலாவுக்குத் தபாலாபீசில் லீவு கிடைக்கவில்லை.

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் வசந்தாவின் புருஷன் ஏழுமலை காத்திருந்தார். மறைமலை நகரில் லாரிக்குச் சாமான் செய்யும் ஒரு பட்டறையில் லேத் மெஷின் ஓட்டுகிறார். முகமெல்லாம் சின்ன வயசில் வந்த அம்மைத் தழும்பு. அவர் சிரிக்கும்போது தழும்புகளும் சேர்ந்து சிரிக்கும்.

"வாங்க மச்சான். பொட்டி இம்மாங்கனம் கனக்குதே, லண்டனையே பேத்து எடுத்தாந்துட்டீங்களா?"

"லண்டன் இல்ல மாப்ளே, அதுக்கு ரொம்ப வடக்க."

"எல்லாம் ஒண்ணுதான். மெட்ராசுக்கு ஒங்கூரு எப்படியோ அப்படி."

அவர் சொன்ன 'ஒங்கூரு' எது என்று ஒரு கணம் எனக்குத் தடுமாறியது.

வசந்தா வாசலில் நின்றிருந்தாள். மாத்திரைகளால் அவள் முகம் கொஞ்சம் உருண்டிருக்கும். அது அவளுக்கு அழகாகத்தான் இருந்தது. குழந்தை வேண்டாம், உடம்பு தாங்காது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தச் சொல்லை அவள் எங்கே வைத்திருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. மீராவைப் பார்த்ததும் எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். எட்டு வயதுப் பெண்ணை. கால் இரண்டும் தரையைத் தொடுகிற மாதிரி தொங்கின.

"எறக்கு வசந்தா. தையல் போட்ட வயிறு."

"நீ ஒன் வேலையைப் பாரு. அஞ்சு வருசத் தையல். இரும்பாட்டம் கீது."

மீராவுக்குத் தமிழ் காதில் இருக்கிறது, நாக்கில் இல்லை. அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அத்தே, அந்த கோட் என்னை லுக் பண்ணுது" என்றாள்.

"அது ஆடு கண்ணு. துரைசானி வந்துகீறாளேன்னு பாக்குது. வணக்கம் சொல்லு."

மீரா ஆட்டுக்கு வணக்கம் சொன்னாள். தெருவே சிரித்தது. வீட்டில் என்னிடம் தமிழில் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசாதவள், மூன்றாம் நாளே "அத்தே, இன்னா பண்ற?" என்று கேட்டாள். எனக்கு மகிழ்ச்சியா பொறாமையா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ராத்திரி அத்தையோடுதான் படுப்பேன் என்று அடம். ஒரே பாய், ஒரே போர்வை. ஒருத்தி மூச்சை இன்னொருத்தி குடித்துக்கொண்டு தூங்கினார்கள். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது, நான் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டேன்.

3

நாலைந்து நாள் போயிருக்கும். மீராவுக்கு லேசாகக் காய்ச்சல். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிட்டோம். மறுநாள் காலையில் குளிப்பாட்டப் போன வசந்தா, கிணற்றடியிலிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணா! ஓடியா. புள்ளைக்கு முத்து போட்டுகீது!"

மீராவின் முதுகில் பனித்துளி போல நான்கைந்து. வயிற்றில் இரண்டு. காதுக்குப் பின்னால் ஒன்று. நான் அதைப் பார்ப்பதற்குள் வசந்தா ஈரக்கையோடு கன்னத்தில் போட்டுக்கொண்டு, முருங்கைக்கு அப்பால் நின்ற வேம்பிலிருந்து கொத்து ஒடித்து வாசல் நிலையில் செருகிவிட்டாள். தெருவில் அது ஒரு சொல். இந்த வீட்டுக்குள் வராதே, இங்கே ஆத்தா இருக்கிறாள்.

எதிர்வீட்டுச் செல்லம்மா தெருவின் அந்தப் பக்கமே நின்றுகொண்டு கேட்டாள். "சீமைலேர்ந்து வந்த புள்ளைக்கா? ஆடி மாசத்துல தேடிக்கினு வந்துகீறாளே! புண்ணியம்தான் போ. ஆத்தாளுக்கு இன்னா விசாவா வேணும்?"

நான் சிரிக்கவில்லை. விமான நிலையத்தில் சுங்கக்காரர்கள் பெட்டியைக் குடைந்து டேப்ரிக்கார்டரையும் சென்ட் பாட்டிலையும் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். மீராவை யாரும் திறந்து பார்க்கவில்லை. அவள் வகுப்பில் லீவு விடும் முன்பு பாதிப் பிள்ளைகள் புள்ளி புள்ளியாக நின்றது எனக்கு அப்போதுதான் நினைவில் ஏறியது.

"வசந்தா, ஒனக்குச் சின்ன வயசுல போட்டிருக்கா?"

"இல்லியே. ஒனக்குப் போட்டப்போ நான் பொறக்கவே இல்லன்னு அம்மா சொல்லும். ஏன் கேக்குற?"

நான் மீராவை அவளிடமிருந்து பிரித்து என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

மீராவை எடுத்துக்கொண்டு குன்றத்தூரில் ஒரு சிநேகிதன் வீட்டு மாடிக்குப் போய்விடுகிறேன் என்றேன். வசந்தா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "வந்த ஆத்தாள வூட்ட வுட்டுத் தொரத்துவியா? வாசப்படி தாண்டக் கூடாது. தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் யாரும் வேற வூட்ல போயித் தங்கக் கூடாது." சரி, நீயாவது மெட்ராஸ் போ என்றேன். "நானும் இந்த வூட்டு ஆளுதான?" என்றாள்.

அன்று மாலையே வீடு மாறிவிட்டது. தாளிப்பு கிடையாது, வறுவல் கிடையாது. மூலையில் மஞ்சள் தண்ணீர் நிறைந்த செம்பு, மேலே வேப்பிலை. மீராவுக்குக் காய்ச்சலுக்கு நான் கொண்டுவந்திருந்த மருந்துப் புட்டியை வசந்தா பெட்டிக்குள் வைக்கச் சொன்னாள். ஆத்தா இருக்கும்போது மருந்து ஆகாது. வைத்துவிட்டேன். குழந்தைகளுக்கு இது தானாக வந்து தானாகப் போகும் என்று தெரியும். அத்தை வேப்பிலையால் வருடிக்கொடுக்க, மீரா கண்ணை மூடிக்கொண்டு "இன்னும் இன்னும்" என்றாள். சுருண்டு கிடந்த அந்தக் குழந்தையைப் பற்றி எனக்குப் பயமே இல்லை. விசிறிக்கொண்டிருந்த கையைப் பற்றித்தான் பயம்.

4

அடுத்த நாள் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் ரோட்டில் இருந்த ஒரு போன் பூத்திலிருந்து சுசீலாவைக் கூப்பிட்டேன். எடுத்த எடுப்பில், "சின்னம்மையா? சரி விடுங்க, இங்க எல்லாப் பிள்ளைங்களுக்கும்தான் வருது. சொறியாம பாத்துக்கங்க" என்றாள். நான் வசந்தாவின் பெயரைச் சொன்னேன். கம்பி இரைச்சலுக்குள் அவள் அழுவது கேட்டது. பூத்தில் இருந்தவர் கடிகாரத்தைப் பார்க்காமல் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து ரயில் ஏறி மெட்ராஸ். வசந்தாவைப் பார்க்கும் டாக்டரம்மாவுக்கு என்னையும் தெரியும். எங்கள் இரண்டு பேர் வயிற்றையும் பார்த்தவர். நான் சொல்லி முடிக்கும் முன்பே பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"ஒரே பாயில் படுத்தார்களா?"

"ஆமாம்."

"முத்து தெரிவதற்கு முன்னாடியே ஒட்ட ஆரம்பித்துவிடும். இனி பிரித்து வைத்தாலும் பழகினது பழகினதுதான். இருந்தாலும் பிரித்து வையுங்கள்."

அவர் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். என் சிறுநீரகம் அவள் உடம்புக்கு அந்நியம். எவ்வளவு வருடம் ஆனாலும் அந்நியம்தான். குடியுரிமை கிடைக்காது. அதை விரட்டாமல் இருக்கவேண்டும் என்றால் உடம்பின் காவலாளிகளை மாத்திரை கொடுத்து அரைத் தூக்கத்தில் வைத்திருக்க வேண்டும். அந்த அரைத் தூக்கத்தில்தான் இந்த மாதிரிக் கிருமிகள் உள்ளே நடந்து வரும். நமக்குத் தோலோடு நின்றுவிடுவது, அவளுக்கு நுரையீரலில் இறங்கும், கல்லீரலில் இறங்கும். நம் பக்கத்தில் பெரியவர்கள் ஆகியும் இது வராமல் தப்பியவர்கள் நிறையப் பேர். குளிர் நாடுகளில் பிள்ளை வயதிலேயே அநேகமாக எல்லோருக்கும் வந்து போய்விடும்.

"தடுப்பதற்கு ஒன்றும் இல்லையா?"

"ஒரு ஊசி உண்டு. பழகிய சில நாளுக்குள் போடவேண்டும். இங்கே கிடைப்பதே அபூர்வம். தேடி வரவழைப்பதற்குள் அந்த நாளும் தாண்டிவிடும். இப்போது கையில் இருப்பது, வந்தவுடன் பிடிப்பது. ஒரே ஒரு முத்து தெரிந்தாலும் கொண்டுவந்துவிட வேண்டும். நாளைக்குப் பார்ப்போம், நாளன்றைக்குப் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் மருந்து இருக்கிறது. சீக்கிரம் ஆரம்பித்தால் நன்றாகக் கேட்கும்."

"இப்பவே வந்து இங்கேயே தங்கிவிடட்டுமே?"

"எங்கே வைப்பேன்? என் வார்டு முழுக்க அவளைப் போலவே ஆட்கள். அவளிடமிருந்து அவர்களுக்குப் பரவினால்? வீட்டில்தான் காத்திருக்க வேண்டும். இரண்டு வாரம், மூன்று வாரம். தெரிந்ததும் போன் செய்துவிட்டு வாருங்கள், தனி அறை ஒழித்து வைக்கிறேன்." வாசல்வரை வந்தவர் ஒன்று சேர்த்துச் சொன்னார். "வந்துவிட்டால், அவள் தினமும் போடும் இரண்டில் மஞ்சள் மாத்திரையை நான் நிறுத்துவேன். வெள்ளையை நிறுத்த மாட்டேன். அதை நான் செய்வேன். நீங்களாக எதையும் தொடாதீர்கள்."

திரும்பும் ரயிலில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தேன். தாம்பரம் தாண்டி, வண்டலூர் தாண்டி, ஏரிகள், பனைகள், புதுக் கம்பெனிகளுக்கு அளந்து கல் நட்ட பொட்டல்கள். காத்திருக்க வேண்டும். காத்திருப்பதற்கு எந்த நாட்டிலும் வரிசை இருக்கும், சீட்டு இருக்கும், ஜன்னலுக்குப் பின்னால் ஒரு முகம் இருக்கும். இதற்கு எதுவும் இல்லை. அவள் தோல்தான் ஜன்னல். அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

5

வீட்டுக்கு வந்து கால் கழுவி உள்ளே போனதும் கண் தானாக அலமாரிக்குப் போயிற்று. கண்ணாடிக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கும் மாத்திரை டப்பாவைக் காணோம்.

"டப்பா எங்க வசந்தா?"

அவள் மீராவுக்கு இளநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே தலையை மேலே காட்டினாள். பரணில், மஞ்சள் துணியில் முடிந்து, டப்பா.

"எப்பலேர்ந்து?"

"வேப்பிலை கட்டினதுலேர்ந்து."

நேற்றுக் காலை. இன்றைக்குக் காலை.

"ஒனக்குப் பைத்தியமா? அது காச்சல் மாத்திரை இல்ல. அத நிறுத்தினா..."

"தெரியும். எனக்குத் தெரியாதா? ஒனக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்." இப்போது திரும்பினாள். "மருந்து பொழங்குற வூட்ல ஆத்தா கோவமாயிடுவா. கோவத்த எம் மேலயா காட்டுவா? புள்ள மேலதான் காட்டுவா. கண்ணுல ஒரு முத்து எறங்கிச்சின்னா இன்னா பண்ணுவ? பொட்டப்புள்ள. ரெண்டு மூணு தண்ணி ஊத்துற வரைக்கும்தான? அதுக்குள்ள எனக்கு ஒண்ணும் ஆயிடாது."

"ஆவும். கிட்னி போயிடும்."

"போனா போவுது. ஒனக்கு நான் இத்தினி வருசத்துல இன்னா குடுத்துகீறேன், சொல்லு. ஒரு வாட்டி, ஒன் புள்ளைக்காக ஒண்ணு பண்றேன். அதுகூடக் கூடாதா?"

இதை எழுதும்போதும் எனக்கு மேலே போகத் தோன்றவில்லை. எழுந்து போய்த் தேநீர் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஒருவருக்கு ஒன்றைக் கொடுத்தால், கொடுத்ததோடு முடிந்தது என்று கொடுத்தவன் நினைத்துக்கொள்கிறான். வாங்கியவர் அதைத் தினமும் காலையில் எழுந்து தூக்கிச் சுமக்கிறார். எனக்கு அது தெரியவில்லை. தெரிந்திருந்தால் அடுத்த வார்த்தை வாயில் வந்திருக்காது.

"அது என்னுது," என்று கத்தினேன். "அத வீணாக்க ஒனக்கு ரைட் இல்ல."

உள்ளே மீரா, "அப்பா, ஏன் ஷவுட் பண்றே?" என்றாள்.

வசந்தா இளநீர் டம்ளரைக் கீழே வைத்தாள். "ஒன்னுதுதான்," என்றாள், மெதுவாக. "நான் எப்ப இல்லன்னேன்?"

ஏழுமலை ஷிப்ட் முடிந்து வந்து வாசலில் நின்றிருக்கிறார். எவ்வளவு கேட்டார் என்று தெரியாது. நேரே கிணற்றடிக்குப் போய் இரண்டு வாளி தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டு, ஈரத்துண்டோடு உள்ளே வந்து, முக்காலி போட்டு ஏறி, பரணிலிருந்து டப்பாவை எடுத்தார்.

"யோவ், இன்னா பண்ற? தொடாத," என்றாள் வசந்தா.

"நீ சும்மா இரு. படையல் போடப் போறேன்."

ஒரு வாழையிலைத் துண்டைச் செம்புக்கு முன்னால் விரித்தார். காலையில் காய்ச்சிய கூழ் ஒரு கிண்ணம். உரித்த சின்ன வெங்காயம் நாலு. பக்கத்தில் மஞ்சள் மாத்திரை ஒன்று, வெள்ளை மாத்திரை ஒன்று. கற்பூரம் ஏற்றினார்.

"ஆயுத பூஜைக்கு லேத் மெஷினுக்கே பொரி கடலை வெச்சிப் படைக்கிறோம். அது சோறு போடுது, அதனால படைக்கிறோம். இது அஞ்சு வருசமா எம் பொண்டாட்டிய எங்கிட்ட வுட்டு வெச்சிகீது. இத ஒரு நாள்கூட எவனும் கும்புட்டதில்ல." செம்பைப் பார்த்துப் பேசினார், எங்களைப் பார்த்து அல்ல. "தாயே, நீ கூழு குடிச்சிப் பழகினவ. இது புச்சு. புடிக்கலன்னா நீயே தட்டி வுட்டுடு. நான் எடுத்துக் குப்பைல போட்டுர்றேன்."

கற்பூரம் எரிந்தது. நான் மாத்திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வசந்தாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். மீரா பாயிலிருந்து எட்டிப் பார்த்தாள். காற்றில் வேப்பிலை ஒன்று அசைந்தது. கற்பூரம் அணைந்து கறுத்தது.

"இன்னாமே, தட்டி வுட்டாளா?"

வசந்தா செம்பையும் இலையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப இது பிரசாதம். ஆத்தா குடுக்கறத வேணாம்பியா? கைய நீட்டு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடது கைமேல் வலது கையை வைத்து நீட்டினாள்.

மறுநாள் பூத்திலிருந்து டாக்டரம்மாவிடம் சொன்னேன். விட்டதைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள், வழக்கம் போல் தொடருங்கள் என்றார். யார் சம்மதிக்க வைத்தது என்று கேட்டார். சொன்னேன். "அவரிடம் சொல்லுங்கள், தினமும் படைக்கச் சொன்னேன் என்று."

6

மீராவின் பாயை என் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டேன். அவளுக்கு மூன்று முறை தண்ணீர் ஊற்றி ஆயிற்று. பொருக்கு உதிர்ந்தது. வசந்தாவுக்கு ஒன்றும் இல்லை. அந்த 'ஒன்றும் இல்லை'க்குள்தான் நாங்கள் எல்லோரும் குடியிருந்தோம். கொசு கடித்தால்கூட நான்கு தலைகள் குனிந்து பார்க்கும்.

என் விடுப்பு முடியும் நாளும் காத்திருக்க வேண்டிய நாளும் பொருந்தவில்லை. நீட்டிக்கச் சொல்லிப் பணிமனைக்குத் தந்தி கொடுத்தேன். முடியாது என்று பதில் வந்தது. விமானக் கம்பெனி அலுவலகத்தில் மீராவின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒட்டாது என்று டாக்டர் சர்டிபிகேட் கேட்டார்கள். வாங்கிக் கொடுத்தேன். அவர்கள் கவலை, பக்கத்து இருக்கைக்காரரைப் பற்றி. நாம் விட்டுவிட்டுப் போகும் ஆளைப் பற்றி எந்தக் கவுண்டரிலும் கேட்பதில்லை.

கிளம்பும்போது ஏழுமலை சொன்னார். "நீங்க போங்க மச்சான். நான் டெய்லி செக் பண்றேன். பட்டறைல ஒரு பீஸ்ல கோடு வுழுந்திருந்தாலே என் கண்ணுக்குத் தப்பாது."

அதன்படி ஒவ்வொரு நாளும் ஷிப்டுக்குக் கிளம்பும் முன், டியூப் லைட்டுக்குக் கீழே அவளைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். "என் முதுவ இவரு கண்ணாலம் ஆன புதுசுலகூட இப்படிப் பாக்கல" என்று வசந்தா தெருவெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

நான் இங்கே வந்து கிடங்கில் நின்றேன். பிரேக் கட்டை கேட்டவனுக்கு விசிறி பெல்ட்டைக் கொடுத்தேன். மீரா பள்ளிக்குப் போனாள். ஒரே வாரத்தில் "இன்னா பண்ற" அவள் நாக்கிலிருந்து நழுவிப் போயிற்று. நான் பிடித்து நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. டெலிபோன் அடிக்கும்போதெல்லாம் சுசீலாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம், யார் எடுப்பது என்று.

ஒரு காலை, ரொட்டி கருகிக்கொண்டிருந்தபோது அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"மச்சான், ஏழுமலை பேசறேன். மெட்ராஸ்லேர்ந்து. அட்மிட் பண்ணியாச்சு."

"எத்தினி?"

"ஒண்ணே ஒண்ணு. முதுவுல, தோள்பட்டைக்குக் கீழ. வேர்க்குரு மாதிரிதான் கீது. ஆனா உள்ள தண்ணி தெரிஞ்சிது. இன்னிக்கு ஷிப்டு போவல. டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணிட்டு, பட்டறை வேனக் கேட்டு வாங்கினேன். டிரைவருக்குச் சின்ன வயசுலயே போட்டுகீதான்னு கேட்டுட்டுத்தான் ஏத்தினேன்."

"அவ வந்தாளா? வாசப்படி தாண்ட மாட்டேன்னு சொல்லலியா?"

"சொன்னா. அழுதா. அப்பறம் அவளே எழுந்து வேப்பிலைக் கொத்த ஒடிச்சிக் கையில வெச்சிக்கினு, 'தாயே, நீயும் வா, சேந்தே போவலாம்'னு எறங்கிட்டா. வேன்ல ஆத்தாளுக்கு ஜன்னலோரம். எனக்கு ஸ்டெப்னி மேல சீட்டு."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு உடைந்து, "மச்சான், பயமா கீது" என்றார்.

நான் உடனே கிளம்பி வரட்டுமா என்றேன். "வந்து இன்னா பண்ணுவீங்க? கண்ணாடி வழியாத்தான் பாக்கணும். நானே அப்படித்தான் பாக்கறேன்."

அதற்கடுத்த நாட்களை வரிசையாகச் சொல்ல எனக்கு வராது. அன்றைக்கே மருந்து ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். மஞ்சள் மாத்திரையை டாக்டரம்மா நிறுத்தினார், வெள்ளையைக் கூட்டினார். இருந்தும் முத்துகள் வந்தன. வயிறு, முகம், வாய்க்குள்ளே. ஒரு நாள் இருமல். "மூச்சு கொஞ்சம் வாங்குது மச்சான், எக்ஸ்ரே எடுத்துகீறாங்க." ஒரு நாள், "தண்ணி நெறையக் குடிக்கணுமாம். அந்த மருந்தே கிட்னில உப்பாட்டம் படியுமாம். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னுகினு குடி குடின்னு சைகை காட்டறேன்." இரண்டு பயங்கள் ஒன்றுக்கொன்று எதிரில் நின்றன. காவலாளிகள் தூங்கினால் கிருமி. விழித்தால் அந்நியனை அடித்துத் துரத்துவார்கள். நடுவில் ஒரு டாக்டரம்மா, தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்து, தராசு முள்ளைப் பிடித்துக்கொண்டு.

நான் பிரார்த்தனை செய்கிற ஆள் இல்லை. ஆனால் இந்த ஊரில் வேப்பமரம் எங்கே கிடைக்கும் என்று பூங்காவில் அலைந்தேன் என்றால் நம்புவீர்களா? கிடைக்கவில்லை. பெயர் தெரியாத ஒரு மரத்தடியில் நின்றுவிட்டு வந்தேன்.

7

இருமல் அடங்கியது. புதிதாக முத்து வருவது நின்றது. எக்ஸ்ரேயில் நெஞ்சு தெளிந்தது. ரத்தத்தில் சிறுநீரகக் கணக்கு கொஞ்சம் ஏறி, பிறகு இறங்க ஆரம்பித்தது. மஞ்சள் மாத்திரையைப் பாதி அளவில் மறுபடி தொடங்கினார்கள். இதெல்லாம் ஏழுமலை சொன்னவை. நான் நம்பினேன், நம்பவும் இல்லை. தூரத்தில் இருப்பவனிடம் ஊர்க்காரர்கள் நல்லதை மட்டும் சொல்வார்கள் என்பது உங்களுக்கும் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் குரலைக் கேட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் வழியில், ஏதோ ஒரு பூத்தில் வண்டியை நிறுத்தி.

"அண்ணா."

ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணா, லைன்ல கீறியா? போன்ல மீட்டர் ஓடுது, இவரு மூஞ்சி மாறுது."

"இருக்கேன். எப்படி இருக்க?"

"கீறேன். வாய்தான் இன்னும் புண்ணு. அத வுடு. மீரா மூஞ்சில தழும்பு வுழுந்துச்சா? அத சொல்லு மொதல்ல."

"ஒண்ணே ஒண்ணு. நெத்தில, நடுவுல."

"நடுவுலயா?" கொஞ்சம் யோசித்தாள். "எனக்கும் அங்கதான் ஒண்ணு. பொட்டு வெச்சா மறஞ்சிடும். அங்க இஸ்கூலுக்குப் பொட்டு வெச்சி அனுப்ப வுடுவாங்களா?"

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. இத்தனை வருடத்தில் நான் யாரிடமும் கேட்டதில்லை.

"கேட்டுச் சொல்லு," என்றாள். "வுடலன்னா பரவால்ல. என்னுத மட்டும் நான் மூடிக்கறேன்."

லைன் கட்டாகிவிட்டது. மீரா மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இறங்கி வந்து, என் கையிலிருந்த ரிசீவரை வாங்கி, வெறுமே இரைந்துகொண்டிருந்த அதற்குள், எனக்குக் கேட்காத குரலில் ஏதோ சொன்னாள்.

திங்கட்கிழமை பள்ளி வாசலில் தலைமை ஆசிரியையிடம் போய்க் கேட்டேன். அவருக்கு முதலில் புரியவில்லை. நான் என் நெற்றியில் விரலை வைத்துக் காட்டினேன்.